செர்பென்டைனாக மாறிய மேன்டில் பாறை எவ்வளவு ஹைட்ரஜன் தந்தது? கணக்கிடும் முழு வழி

பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கிலிருந்து மேலே வந்த பெரிடோடைட் பாறைக்குள் (ஆலிவின், பைராக்சின் என்ற கனிமங்கள் நிறைந்தது) நீர் இறங்கினால் அது செர்பென்டைன் என்ற நீர் ஏறிய கனிமமாக மாறுகிறது. கூடவே ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. உங்கள் கையில் அப்படி மாறிய ஒரு பாறைத் துண்டு இருக்கிறது. அது மாறிய காலத்தில் கிலோவுக்கு எத்தனை மோல் ஹைட்ரஜன் வந்திருக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வாயு எப்போதோ போய்விட்டது. ஆனால் அது போனதற்கான ரசீது பாறையில் இருக்கிறது. அந்த ரசீது இரும்பு. நீர் ஹைட்ரஜனாகப் பிரிய வேண்டுமானால் யாராவது எலக்ட்ரான் கொடுக்க வேண்டும். கொடுப்பது ஃபெரஸ் இரும்பு (Fe²⁺). கொடுத்தபின் அது ஓர் எலக்ட்ரான் குறைந்த ஃபெரிக் இரும்பாக (Fe³⁺) அங்கேயே தங்கிவிடுகிறது. ஆக, ஃபெரிக் இரும்பை எண்ணினால் போதும்.

புதிதாக இறங்குபவர்கள் வேதியியலில் தடுமாறி நான் அதிகம் பார்த்ததில்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முழுத் துண்டையும் அரைத்துப் பொடியாக்கிவிட்டு, அப்புறம் வந்து "வெளிப்பக்கம் கொஞ்சம் பழுப்பாக இருந்தது, பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது 300 கிராம் பாறை. அதில் பாதியைத் தொடாமல் எடுத்து வைக்க வேண்டும். வைரப்பல் ரம்பம், அகேட் உரல், எத்தனால் அல்லது அசிட்டோன்.

செய்துகொள்ள வேண்டிய அளவீடுகள் ஐந்து. நுண்ணோக்கியில் பார்க்க, ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகத் தேய்த்த பாறைச் சீவலான தின் செக்‌ஷன், கனிமங்களை அறிய எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு), மொத்த இரும்புக்கு எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் ஒளிர்வு), ஃபெரஸ் இரும்புக்கு டைட்ரேஷன் (கரைசலை அளந்து சேர்த்துக் கணிப்பது), மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடுக்குக் காந்த அளவீடு. இவற்றோடு எல்ஓஐ, அதாவது 1,000 டிகிரி அளவுக்குச் சூடாக்கும்போது பொடி இழக்கும் எடை. இதை எக்ஸ்ஆர்எஃப் செய்யும் ஆய்வகமே தந்துவிடும்.

ஃபெரஸ், ஃபெரிக் பங்கைக் காமா கதிரால் அளக்கும் மாஸ்பௌவர் கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வேலை நின்றுவிடாது.

2. எதையும் வெட்டுவதற்கு முன் வினையைத் தாளில் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கடைசியில் தப்பான எண்ணோடு வருகிறார்கள். எந்த இரும்பு எங்கே போகலாம் என்று முதலிலேயே தெரியாவிட்டால், எதை அளக்க வேண்டும் என்பதும் தெரியாது.

மேன்டில் ஆலிவினில் மக்னீசியமும் இரும்பும் ஏறக்குறைய 90:10 விகிதத்தில் இருக்கும். அதன் ஒரு மோல் 147 கிராம். அதில் 0.2 மோல் இரும்பு. ஒரு கிலோவில் 1.36 மோல். இந்த இரும்பு முழுவதும் மேக்னடைட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் சமன்பாடு இப்படி வரும்:

30 ஆலிவின் + 41 நீர் → 15 செர்பென்டைன் + 9 புரூசைட் + 2 மேக்னடைட் + 2 ஹைட்ரஜன்

அணுக்களை நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். ஒரு மேக்னடைட்டில் மூன்று இரும்பு. அதில் இரண்டு ஃபெரிக், ஒன்று ஃபெரஸ். ஆகவே மூன்று இரும்புக்கு ஒரு ஹைட்ரஜன். கிலோ ஆலிவினுக்கு 0.45 மோல், அதாவது 0 டிகிரியில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 10 லிட்டர்.

பாடம் நடத்த இது போதும். பாறைக்குப் போதாது. இந்தச் சமன்பாட்டின்படி விளைபொருளில் 9 சதவீத எடை மேக்னடைட்டாக இருக்க வேண்டும். பாறைகளை அளந்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் வருகிறது. மீதி இரும்பு வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது.

ஒளியக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று புரூசைட். அது மக்னீசியம் ஹைட்ராக்சைடு. மக்னீசியத்தின் இடத்தில் ஃபெரஸ் இரும்பு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். எல்லா இரும்பும் ஃபெரஸாகவே செர்பென்டைனிலும் புரூசைட்டிலும் தங்கிவிட்டால், 2 ஆலிவினும் 3 நீரும் சேர்ந்து 1 செர்பென்டைனும் 1 புரூசைட்டும் தரும். ஹைட்ரஜன் சுத்தமாக வராது. பாறை முழுவதும் மாறியிருக்கும், வாயு பூஜ்யம்.

இன்னொன்று செர்பென்டைன். இது ஃபெரஸையும் ஏற்கும், ஃபெரிக்கையும் ஏற்கும். ஃபெரிக்காக ஏற்றால் இரண்டு இரும்புக்கு ஒரு ஹைட்ரஜன். மேக்னடைட்டைவிட நல்ல விளைச்சல். ஏனென்றால் மேக்னடைட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு எலக்ட்ரான் கொடுக்காமலே உட்கார்ந்திருக்கிறது.

எந்த வழியில் போகும் என்பதை முக்கியமாக வெப்பநிலையும் சிலிக்காவும் தீர்மானிக்கின்றன. சுமார் 200 டிகிரிக்குக் கீழே மேக்னடைட் குறைவாகவே உருவாகிறது. இரும்பு புரூசைட்டுக்கும் செர்பென்டைனுக்கும் போகிறது. 300 டிகிரியை ஒட்டி ஹைட்ரஜன் அதிகம் வரும் என்று வெப்ப இயக்கவியல் கணக்குகள் காட்டுகின்றன. 400 டிகிரியைத் தாண்டினால், குறைந்த அழுத்தத்தில் ஆலிவின் நீரோடு நிம்மதியாக இருந்துவிடும். வினையே பெரிதாக நடக்காது.

சிலிக்கா பைராக்சினிலிருந்து வருகிறது. ஆர்த்தோபைராக்சின் மட்டும் மாறினால் 6 பைராக்சினும் 3 நீரும் சேர்ந்து 1 செர்பென்டைனும் 1 டால்க்கும் தரும். புரூசைட்டே கிடையாது. ஏற்கனவே புரூசைட் இருக்கும் இடத்துக்குச் சிலிக்கா வந்து சேர்ந்தால் அது புரூசைட்டைத் தின்று செர்பென்டைனாக்கும். அப்போது புரூசைட்டில் சும்மா கிடந்த ஃபெரஸ் இரும்பு வெளியே வந்து மேக்னடைட்டாகி, தாமதமாக ஹைட்ரஜன் தரும். தின் செக்‌ஷனில் மேக்னடைட் நரம்புகள் செர்பென்டைனின் வலைக்கண்ணி போன்ற அமைப்பை வெட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது இந்தத் தாமதக் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, தாளில் இருக்க வேண்டிய விதி ஒன்றே: புதிதாக உண்டான இரண்டு ஃபெரிக் இரும்புக்கு ஒரு ஹைட்ரஜன். அந்த ஃபெரிக் எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்பது ஹைட்ரஜன் கணக்குக்குத் தேவையே இல்லை. சரிபார்க்கத்தான் தேவை.

3. காற்று தின்ற பகுதியை வெட்டி எறியுங்கள்

காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஃபெரஸை ஃபெரிக்காக மாற்றும். அதில் ஹைட்ரஜன் வராது. ஆனால் ஆய்வகக் கருவிக்கு இரண்டு ஃபெரிக்கும் ஒன்றுதான். நிலத்தின் மேல் கிடந்த பாறையை அப்படியே அளந்தால், துருவையும் ஹைட்ரஜனாக எண்ணிவிடுவீர்கள். இந்த முழு வேலையிலும் மிகப் பெரிய பிழை இதுதான். பின்னால் எந்தக் கணக்கு வித்தையாலும் திருத்த முடியாத பிழையும் இதுதான்.

ரம்பத்தால் பாறையை நடுவே பிளந்து, ஈரமாக்கி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு, ஆரஞ்சு நிற ஓரம் தெரிந்தால் அதையும் அதற்கு உள்ளே ஒரு விரல் அகலத்தையும் சேர்த்து வெட்டி விடுங்கள். விரிசல் வழியாக நிறம் உள்ளே இறங்கியிருந்தால் அந்தத் துண்டு இந்த வேலைக்கு ஆகாது. வேறு எடுங்கள்.

துளையிட்டு எடுத்த உள்ளகப் பாறை கிடைத்தால் அதுவே சிறந்தது. ஓமானில், பழைய கடலடித் தகடு நிலத்தின் மேல் ஏறிக் கிடக்கும் சமைல் ஒஃபியோலைட்டில் துளையிட்டதற்கும், 2023-இல் அட்லாண்டிக் நடுமேட்டில் அட்லாண்டிஸ் மாசிஃப் என்ற கடலடி மலையில் கடலடியிலிருந்து 1,268 மீட்டர் ஆழம் வரை துளையிட்டதற்கும் இது ஒரு முக்கியமான காரணம். அங்கேயும் மேற்பகுதி காற்றோ கடல்நீரோ பட்டதுதான். ஆழத்தைக் குறிக்காமல் எடுத்த துண்டை நம்பாதீர்கள்.

4. அரைப்பதற்கு முன் தின் செக்‌ஷன்

பொடியில் அமைப்பு தெரியாது. அதனால்தான் இது முன்னால் வருகிறது. பார்க்க வேண்டியவை மூன்று.

ஆலிவின், பைராக்சின் மிச்சம் எவ்வளவு? பாதி மாறிய பாறையை முழுக்க மாறியது என்று நினைத்தால் கிலோவுக்கான எண் பொருளற்றதாகிவிடும்.

மேக்னடைட் எங்கே இருக்கிறது? கண்ணிகளின் ஓரத்தில் சீராகப் பரவியிருந்தால் எந்த மூலையில் எடுத்தாலும் ஒன்றுதான். நரம்புகளில் குவிந்திருந்தால் சின்னத் துண்டு ஏமாற்றும். நிறையப் பாறையை அரைக்க வேண்டும்.

ஸ்பினெல் மணிகள் உண்டா? செம்பழுப்பு நிறத்தில், கறுத்த ஓரத்தோடு இருக்கும். இவை பழைய மேன்டில் காலத்தவை. எட்டாவது படியில் தொல்லை தரப்போவதால் சதவீதத்தைக் குறித்து வையுங்கள்.

வசதி இருந்தால் எதிரொளி நுண்ணோக்கியில் அவருவைட் என்ற நிக்கல்-இரும்பு உலோகத் துணுக்குகளையும் தேடுங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இது இருந்தால் அந்தப் பாறையில் ஓடிய நீரில் ஹைட்ரஜன் நிறைய இருந்தது என்று பொருள். எண் தராது, ஆனால் உங்கள் எண்ணை நம்பலாமா என்பதற்குச் சாட்சி சொல்லும்.

5. அரைப்பது

அகேட் உரலில், எத்தனாலுக்குள் மூழ்கவைத்து, இடைவெளி விட்டு அரையுங்கள். காய்ந்த நிலையில் நெடுநேரம் அரைத்தால் பொடி சூடாகும். புதிதாக உடைந்த பரப்பில் காற்று பட்டு ஃபெரஸ் குறையும். எஃகு உரலில் இடித்தால் இரும்புத் துணுக்கு கலக்கும். அது காந்த அளவீட்டையும் டைட்ரேஷனையும் சேர்த்துக் கெடுக்கும். ஒருமுறை நான் அவசரத்துக்கு எஃகு உரலைப் பயன்படுத்திவிட்டு, மேக்னடைட் ஏன் இவ்வளவு கூடுகிறது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மிக முக்கியம்: எல்லா அளவீடுகளுக்கும் ஒரே பொடி. எக்ஸ்ஆர்எஃப்புக்கு ஒரு துண்டு, டைட்ரேஷனுக்குப் பக்கத்துத் துண்டு என்று கொடுக்காதீர்கள். நாம் செய்யப்போவது கழித்தல் கணக்கு. இரண்டு வேறு பொடிகளைக் கழித்தால் வருவது பாறையின் வேறுபாடு, வேதியியல் அல்ல.

6. புரூசைட்டைத் தேடுங்கள்

நுண்ணோக்கியில் புரூசைட்டைப் பார்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் அது செர்பென்டைனோடு மிக நுண்ணிய அளவில் பின்னிப் பிணைந்திருக்கும். எக்ஸ்ஆர்டியில் தாமிரக் கதிருக்கு 18.6 டிகிரியிலும் 38 டிகிரியிலும் அதன் உச்சிகள் வரும். செர்பென்டைனின் முதல் உச்சி 12 டிகிரியை ஒட்டி.

இன்னும் நல்லது எடையிழப்பு வரைபடம். பொடியை மெதுவாகச் சூடாக்கிக்கொண்டே போனால் புரூசைட் 400 டிகிரியை ஒட்டி நீரை விடும். செர்பென்டைன் 600 முதல் 700 டிகிரி வரை பிடித்து வைத்திருக்கும். புரூசைட்டின் எடையில் 30.9 சதவீதம் நீர். ஆகவே அந்த முதல் படிக்கட்டின் உயரத்தை 0.309-ஆல் வகுத்தால் புரூசைட்டின் அளவு கிட்டும். இரும்பு ஏறிய புரூசைட்டில் நீரின் பங்கு சற்றுக் குறையும். தோராயத்துக்கு இது போதும்.

புரூசைட் இல்லை என்று வந்தால் உடனே "உருவாகவே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். மேற்பரப்பில் அது எளிதில் கரையும், கார்பன் டையாக்சைடோடும் வினைபுரியும். இருந்து போயிருக்கலாம்.

7. மொத்த இரும்பும் எல்ஓஐயும்

எக்ஸ்ஆர்எஃப் எல்லா இரும்பையும் ஃபெரிக் ஆக்சைடு என்ற பெயரில்தான் தரும். பெயரைப் பார்த்து எல்லாம் ஃபெரிக் என்று நினைத்துக்கொண்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அது வெறும் மரபு.

ஆய்வகத்திடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கொடுத்த எண் உலர்ந்த பொடியின் சதவீதமா, சூடாக்கிய பின் மிஞ்சியதன் சதவீதமா? செர்பென்டைனில் எல்ஓஐ 12 சதவீதம் போல இருப்பதால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். பொடியில் 8.0 சதவீதமாக இருப்பது, சூடாக்கியதில் 9.1 ஆகத் தெரியும்.

எல்ஓஐயிலும் ஒரு சூது இருக்கிறது. சூடாக்கும்போது நீர் போகிறது, எடை குறைகிறது. அதே சமயம் ஃபெரஸ் இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, எடை கூடுகிறது. ஆகவே உண்மையான நீர் எல்ஓஐயைவிடக் கொஞ்சம் அதிகம். திருத்தம் எளிது: ஃபெரஸ் ஆக்சைடு சதவீதத்தை 0.111-ஆல் பெருக்கி எல்ஓஐயோடு கூட்டுங்கள். பாறையில் கார்பனேட் இருந்தால் எல்ஓஐயில் கார்பன் டையாக்சைடும் கலந்திருக்கும். அதைத் தனியே அளந்து கழிக்க வேண்டும்.

8. ஃபெரஸ் டைட்ரேஷன்

பொடியை ஹைட்ரோஃபுளோரிக், சல்ஃபூரிக் அமிலக் கலவையில் காற்றுப் படாமல் கரைத்து, மிஞ்சிய ஃபுளோரைடை போரிக் அமிலத்தால் கட்டி, பொட்டாசியம் டைகுரோமேட்டால் டைட்ரேட் செய்வது வழக்கம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலுக்குள் இறங்கி உயிரையே எடுக்கும். பயிற்சியும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் புகைக்கூண்டும் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே கூடாது. பழகிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வேகமாகச் செய்பவரைவிட ஒரே மாதிரியாகச் செய்பவர் நல்லவர். ஒரு பொடியை இரண்டு பெயரில் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கே மூன்று பொறிகள். ஸ்பினெல் சரியாகக் கரையாது. அதனுள் இருக்கும் ஃபெரஸ் டைட்ரேஷனில் வராது, எக்ஸ்ஆர்எஃப்பில் வரும். கழிக்கும்போது அது ஃபெரிக்காகத் தெரியும். பாறையில் 1 சதவீதம் ஸ்பினெல், அதில் 15 சதவீதம் ஃபெரஸ் ஆக்சைடு என்றால் ஹைட்ரஜன் கிலோவுக்கு 0.01 மோல் கூடித் தெரியும். இரண்டாவது, சல்ஃபைடு. கரையும்போது அது ஃபெரிக்கைத் திரும்ப ஃபெரஸாக்கி எண்ணை எதிர்த் திசையில் இழுக்கும். மூன்றாவது அவருவைட் உலோகம், அதுவும் அப்படித்தான். கடைசி இரண்டும் பெரும்பாலான பாறைகளில் சிறிய அளவே.

மாஸ்பௌவர் இருந்தால் ஃபெரிக்கின் பங்கை நேரடியாகவே தரும். இரண்டும் சில சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம்.

9. காந்த அளவீடு

பொடியின் செறிவுக் காந்தமாக்கலை (பலமான காந்தப்புலத்தில் பொடி எட்டும் உச்சக் காந்த அளவு) அளந்து 92-ஆல் வகுத்தால் மேக்னடைட்டின் எடைப் பங்கு வரும். 92 என்பது சுத்த மேக்னடைட்டின் மதிப்பு. அலகு கிலோவுக்கு ஆம்பியர் சதுர மீட்டர். காந்த ஏற்புத்திறனை வைத்துத் தோராயமாகச் சொல்வதும் உண்டு. ஆனால் அது மணியின் பருமனையும் பொறுத்தது என்பதால் நான் கணக்குக்குப் பயன்படுத்துவதில்லை.

அவருவைட்டும் காந்தத்தில் ஒட்டும் என்பதை மறக்க வேண்டாம். நான்காவது படியில் குறித்து வைத்ததை இங்கே எடுத்துப் பாருங்கள்.

10. இப்போது கணக்கு

கணக்குக்காக ஒரு பாறையை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த பொடியில் மொத்த இரும்பு, ஃபெரிக் ஆக்சைடாக 8.0 சதவீதம். டைட்ரேஷனில் ஃபெரஸ் ஆக்சைடு 2.7 சதவீதம். எல்ஓஐ 12.0. செறிவுக் காந்தமாக்கல் 3.68.

மொத்த இரும்பு: கிலோவில் 80 கிராம் ஃபெரிக் ஆக்சைடு. அதன் மோல் எடை 159.7, மோலுக்கு இரண்டு இரும்பு. எனவே 1.002 மோல்.

ஃபெரஸ்: 27 கிராம், மோல் எடை 71.84. எனவே 0.376 மோல்.

ஃபெரிக்: கழித்தால் 0.626 மோல்.

இதை உடனே இரண்டால் வகுத்துவிடாதீர்கள். மேன்டிலில் இருந்தபோதே பாறையில் கொஞ்சம் ஃபெரிக் இருந்தது, மொத்த இரும்பில் சுமார் 2 முதல் 4 சதவீதம். அதற்கும் நீருக்கும் தொடர்பில்லை. 3 சதவீதம் என்று எடுத்தால் 0.030 மோல். கழித்தபின் 0.596.

ஹைட்ரஜன்: 0.596-ஐ இரண்டால் வகுத்தால் கிலோ செர்பென்டைன் பாறைக்கு 0.298 மோல்.

அடுத்து, எந்தக் கிலோ என்ற கேள்வி. நீர் ஏறியதால் பாறையின் எடை கூடியிருக்கிறது. நீர் 12.0 + 2.7 × 0.111 = 12.3 சதவீதம். மீதி 0.877. வகுத்தால், மாறுவதற்கு முன்னிருந்த கிலோ பாறைக்கு 0.340 மோல், சுமார் 7.6 லிட்டர்.

இரண்டு அடிப்படையும் கலந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மொத்த இரும்புக்குச் சூடாக்கிய பொடியின் 9.1-ஐயும், ஃபெரஸுக்கு உலர்ந்த பொடியின் 2.7-ஐயும் போட்டால் 0.298 என்பது 0.364 ஆகிவிடும். 22 சதவீதம் கூடுதல். அதையும் 0.877-ஆல் வகுத்தால் 0.415. பார்வைக்கு நம்பும்படியான எண்தான், அதனால்தான் பிடிபடாமல் போகிறது.

11. எண்ணை நம்பும் முன் நான்கு கேள்விகள்

இரும்பு வெளியே போனதா, உள்ளே வந்ததா? நீரை நீக்கிக் கணக்கிட்டால் நம் பாறையில் இரும்பு கிலோவுக்கு 1.14 மோல், அதாவது ஃபெரஸ் ஆக்சைடாக 8.2 சதவீதம். மேன்டில் பெரிடோடைட்டில் இது 8 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பொருந்துகிறது. 5 என்றோ 12 என்றோ வந்தால் இரும்பு இடம்பெயர்ந்திருக்கலாம், அல்லது மூலப்பாறை வேறு. கணக்கை நிறுத்துங்கள்.

நீரின் அளவு கனிமங்களோடு ஒத்துப்போகிறதா? காந்தக் கணக்குப்படி மேக்னடைட் 4.0 சதவீதம். மீதி 96 சதவீதமும் செர்பென்டைன் என்றால், அதில் 13.0 சதவீதம் நீர், ஆக 12.5 வர வேண்டும். நமக்கு 12.3. நெருக்கம். புரூசைட் நிறைய இருந்தால் நீர் கூடியிருக்கும், ஆலிவின் மிஞ்சியிருந்தால் குறைந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி ஏமாற்றலாம். அதனால்தான் நான்காம், ஆறாம் படிகள்.

மேக்னடைட் மட்டும் எவ்வளவு தருகிறது? 40 கிராம், மோல் எடை 231.5, எனவே 0.173 மோல். மேக்னடைட் மோலுக்கு ஒரு ஹைட்ரஜன் என்று மட்டும் கணக்கிட்டவர் 0.173 என்று எழுதியிருப்பார். உண்மையில் 0.298. ஏறக்குறைய பாதியை விட்டுவிட்டார். விடுபட்டது செர்பென்டைனுக்குள் இருக்கும் ஃபெரிக்: 0.626-இல் மேக்னடைட்டுக்கு உரிய 0.346 போனால் மீதி 0.280 மோல், பெரும்பகுதி அங்கேதான். காந்தக் கருவி எளிதாகக் கிடைப்பதால் பலர் இந்தக் குறுக்குவழியில் போய்விடுகிறார்கள்.

பிழை எவ்வளவு? டைட்ரேஷனில் 0.1 சதவீதம் தவறினால் ஹைட்ரஜனில் 0.007 மோல். எக்ஸ்ஆர்எஃப்பில் நூற்றுக்கு ஒன்று தவறினால் 0.005. பழைய ஃபெரிக்கை 2 என்பதா 4 என்பதா என்ற குழப்பத்தால் 0.005. எல்லாம் சேர்த்து 0.01 அளவுதான். காற்றால் வந்த ஃபெரிக் மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. அதற்கு எல்லையே கிடையாது. மூன்றாவது படியை மறுபடியும் படியுங்கள்.

12. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால்

இயற்கை ஹைட்ரஜனைத் தேடுபவர்கள் பழைய கணக்கைவிட இதைத்தான் கேட்பார்கள். மிஞ்சிய ஃபெரஸ் 0.376 மோல். அப்படியே இரண்டால் வகுத்து 0.19 என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். தப்பு. அதில் 0.173 மோல் மேக்னடைட்டுக்குள் பூட்டிக்கிடக்கிறது, அது சாதாரணமாக இனி எலக்ட்ரான் கொடுக்காது. மீதி 0.203. அது மேக்னடைட்டாக மாறினால் மூன்றால் வகுத்து 0.068 மோல். முழுவதும் ஃபெரிக்காகச் செர்பென்டைனில் உட்கார்ந்தால் 0.10. இரண்டும் மேல் எல்லைகளே.

அந்த 0.203 எதில் இருக்கிறது என்பதும் முக்கியம். புரூசைட்டிலோ மிஞ்சிய ஆலிவினிலோ இருந்தால் சிலிக்காவோ நீரோ வந்ததும் வினை தொடரலாம். செர்பென்டைனுக்குள் இருந்தால் அவ்வளவு எளிதில் கிடைக்காது. நம் எடுத்துக்காட்டில் நீரின் அளவு காட்டுவது பெரும்பகுதி செர்பென்டைன் என்று. ஆக இந்தப் பாறை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

13. இந்த எண்ணிலிருந்து சொல்லக்கூடாதவை

வேகம் சொல்ல முடியாது. 0.340 மோல் ஆயிரம் ஆண்டில் வந்ததா, லட்சம் ஆண்டிலா என்பது ரசீதில் எழுதியிருக்காது. அட்லாண்டிக்கில் லாஸ்ட் சிட்டி என்ற கடலடி வெந்நீரூற்றுகளிலிருந்து 40 முதல் 91 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 9 முதல் 11 வரை உள்ள நீர் ஹைட்ரஜனோடு இன்றும் வெளியே வருகிறது. அதே கடலில் ரெயின்போ என்ற இடத்தில் 365 டிகிரி நீர் வருகிறது. இரண்டுக்கும் அடியில் மேன்டில் பாறைதான். கரைந்துள்ள ஹைட்ரஜனின் செறிவும் இரண்டிலும் கிலோ நீருக்குச் சுமார் பதினைந்து மில்லிமோல் வரை எட்டுகிறது. வெளியேறும் நீரின் வெப்பத்தை வைத்து உள்ளே வினை நடந்த வெப்பத்தைச் சொல்லவும் முடியாது.

வெளியே வந்த வாயுவின் அளவும் இது அல்ல. உண்டான ஹைட்ரஜனில் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகிறது, ஒரு பகுதி சல்ஃபைடுகளை உலோகமாக்குகிறது, ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன.

கன கிலோமீட்டருக்குப் பெருக்கும் ஆசையையும் அடக்குங்கள். நம் பாறையின் பழைய அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.3 கிராம் என்றால் கன மீட்டருக்கு 2.26 கிலோ ஹைட்ரஜன், கன கிலோமீட்டருக்கு 22.6 லட்சம் டன். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது ஒரே ஒரு துண்டின் எண். அல்பேனியாவின் புல்கிசே குரோமைட் சுரங்கத்திலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 200 டன் ஹைட்ரஜன் வெளியேறுவதாக 2024-இல் வெளியானது. நம் எண்ணை வைத்து வகுத்தால், ஆண்டுதோறும் சுமார் 88,000 கன மீட்டர் புதிய பாறை முழுவதுமாக மாற வேண்டும். அங்கே நடப்பது புதிய உற்பத்தியா, எப்போதோ உண்டாகி அடியில் தேங்கிய வாயு கசிவதா என்பதைப் பாறைத் துண்டு சொல்லாது. அதற்கு வாயுவையே அளக்க வேண்டும்.

முடிவை எழுதும்போது எண்ணோடு மூன்று விஷயங்களைச் சேர்த்தே எழுதுங்கள்: எந்த அடிப்படையிலான கிலோ, பழைய ஃபெரிக்குக்கு எத்தனை சதவீதம் எடுத்தீர்கள், துண்டு எந்த ஆழத்திலிருந்து வந்தது. எடுத்து வைத்த மீதிப் பாறையை நைட்ரஜன் நிரப்பிய பையில் மூடி வையுங்கள். யாராவது ஒருநாள் திரும்ப அளக்கக் கேட்பார்கள்.